பதினாறாம் நம்பர் அச்சு

மாமாவின் துப்பாக்கி போன வழி சுலபமான வழி. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. அவர் இறந்த பிறகு அதை வீட்டில் வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தெளிவாகவே சொல்லிவிடுகிறது. ஸ்டேஷனில் ஒப்படைத்தோம், ரசீது வாங்கினோம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தத் துப்பாக்கி போய் உட்கார்ந்து, ஓட்டு எண்ணி முடிந்ததும் திரும்பி வந்த அதே ஸ்டேஷன்தான். ரைட்டருக்கு அதன் நம்பர் மனப்பாடமாகவே இருந்திருக்கும். வாரிசு பெயருக்கு மாற்ற மனு போடலாம் என்றார். மாமா மகன் அமெரிக்காவில், மகள் கோயம்புத்தூரில், சிறுமலைத் தோட்டமோ குத்தகையில். பன்றி விரட்ட ஆளில்லாத வீட்டுக்குத் துப்பாக்கி எதற்கு?

சிக்கல் பரணில் இருந்தது. துப்பாக்கிக்கு நம்பர் உண்டு, ரிஜிஸ்தரில் அதற்கு ஒரு வரி உண்டு. அதற்குக் குண்டு வார்த்த அச்சுக்கும், மருந்து அளந்த குவளைக்கும், தோட்டாவின் வாயை மடித்த கைப்பிடி எந்திரத்துக்கும் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. தகர டிரங்குப் பெட்டி நிறைய அவை கிடந்தன. அத்தைக்கு அதைப் பார்த்தாலே பயம்.

"ஏப்பா, இத எங்குட்டாச்சும் கொண்டு போயித் தள்ளிவிட்ரு. நாளப்பின்ன யாராச்சும் வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

பயத்தோடு இன்னொரு கணக்கும் அவருக்கு இருந்தது. பெட்டியில் பித்தளை நல்ல கனம். சும்மா தூக்கிப் போட மனசு வரவில்லை. "ஒன் மாமா உசுரா வச்சிருந்த சாமான். பாத்து ஒரு வெலைக்குக் குடு" என்றார். அந்த 'ஒரு விலை' எவ்வளவு என்று கண்டுபிடிக்கிற வேலை இப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தது.

பெட்டியைப் பிரித்தபோது முதலில் கைக்கு வந்தது இடுக்கி போன்ற இரும்பு அச்சு. இரண்டு கை, நடுவில் ஆணிக்கீல், மூக்கில் ஒரு குழி. குழியின் மேல் உபரி ஈயத்தை வெட்ட ஒரு தகட்டுக் கத்தி. பக்கத்தில் '16' என்று கொத்தியிருந்தது. அடுத்து பித்தளையில் ஆறு குழிகள் கொண்ட சின்ன ரவை அச்சு. அதில் எழுத்தோ எண்ணோ இல்லை. கருமரக் கைப்பிடி வைத்த பித்தளை அளவுக் குவளை ஒன்று. மேசை விளிம்பில் திருகி மாட்டிக் கையால் சுற்றுகிற மடிப்பு எந்திரம் ஒன்று. மருந்தைப் பற்றவைத்துச் செத்த கேப்பைத் தட்டி எடுத்துப் புதுக் கேப்பை அழுத்துகிற கருவி, விறைத்துப்போன தோல் ரவைப்பை, மாட்டுக்கொம்பில் செய்த மருந்துக்குடுவை, காலிப் பித்தளைத் தோட்டாக்கள் கொஞ்சம். அடியில், துணியில் சுருட்டி, ஒரு சின்னத் தகர டப்பா. ஆட்டினால் உள்ளே கலகலத்தது. திறந்து பார்த்தேன், கேப். அதை அப்படியே மூடித் தனியாக வைத்தேன்.

இவற்றில் பாதி எங்கள் வீட்டுச் சொத்தே இல்லை. தாத்தா கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நாடு சுதந்திரம் அடைந்து துரை கப்பலேறியபோது கொடுத்துவிட்டுப் போன தட்டுமுட்டுச் சாமான்களில் இவையும் உண்டு என்று மாமா சொல்வார். துரைமார்கள் எதற்குத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பினார்கள் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. மலை மேல் ஒரு பெட்டித் தோட்டா வேண்டுமென்றால் மதராஸில் ஸ்பென்ஸருக்கோ பி. ஆர் அண்ட் சன்ஸுக்கோ எழுதிப் போட்டு, ரயிலில் அம்மையநாயக்கனூர் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியும் கூலியாளும் சுமந்து மேலே வர வேண்டும். அதற்குள் பன்றி காபித் தோட்டத்தை உழுது முடித்துவிடும். சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடி மறுபடி நிரப்புவதுதான் மலையில் செல்லுபடியாகிற சிக்கனம். பெட்டியில் இருந்த ஒவ்வொரு கருவியும் அந்தச் சிக்கனத்தின் ஒரு படி. கேப்பைத் தட்டு, புதுசை அழுத்து, மருந்தை அள, அட்டை வில்லை போட்டு இடி, ரவையைக் கொட்டு, மேலே இன்னொரு வில்லை. காகிதக் கூடாக இருந்தால் கடைசியில் வாயை மடி.

துரையின் 12 போர் துப்பாக்கி எங்கள் குடும்பத்துக்கு வரவில்லை. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்து இந்தியனை மட்டும் உரிமம் கேட்க வைத்தது. பிற்பாடு அந்த நிறபேதம் போனாலும், உரிமம் வாங்கும் பாடு தாத்தாவுக்குத்தான். அவருக்குக் கிடைத்தது வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. அதே துப்பாக்கி மாமாவுக்கு வந்தது. இது அவர்கள் விருப்பம் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கு நடப்பில் இருக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டமே, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று கேட்டால் வாய்க்கெட்டித் துப்பாக்கிக்குத்தான் உரிமம் தரச் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குப் பட்டால்தான் வேறு. உலகமே கைவிட்ட ஒரு தொழில்நுட்பத்தைத் திண்டுக்கல் மலைத் தோட்டங்களில் சட்டம் காப்பாற்றி வைத்திருக்கிறது. துப்பாக்கி பழசாக நின்றுவிட்டதால் அச்சும் பழசாகாமல் வேலையில் இருந்தது.

மாமா ஈயம் காய்ச்சியதைப் பார்த்திருக்கிறேன். பள்ளி விடுமுறைக்குச் சிறுமலை போவோம். அப்போது பஸ் குறைவு. கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி முடித்து இறங்கினால், அதற்கு மேல் தோட்டத்துக்குக் குதிரை போகிற தடம்தான். வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் குதிரை முதுகில்தான் இறங்கி வரும். வீட்டுத் திண்ணைக்கு வெளியே மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுவார். நீளக் காம்பு வைத்த இரும்புக் கரண்டியில் ஈயத்துண்டுகள். "தண்ணிச் செம்ப அங்கிட்டு கொண்டு போ" என்பதுதான் முதல் உத்தரவு. உருகின ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் அடித்துவிடும். மழைத்தூறல் இருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. காற்று வரும் பக்கத்துக்கு எங்களை விரட்டுவார். ஈயப்புகை ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். விறகடுப்புக்கு அது பெரிய காரியம் இல்லை. பெரிய காரியம் அச்சில்தான். சிம்னி விளக்கின் புகையில் குழியைக் காட்டிக் கரி பிடிக்க வைப்பார். கரி இல்லாவிட்டால் ஈயம் குழிக்குள் நிறைந்து இறங்காது, இறங்கினாலும் விட்டு வராது. அப்புறம் அச்சையே சூடேற்ற வேண்டும். ஆறிய அச்சில் ஊற்றிய முதல் குண்டுகள் சுருங்கி வரும். "கெழவி மூஞ்சி" என்று சொல்லித் திரும்பவும் கரண்டியில் போடுவார். தேன்மெழுகு ஒரு துண்டு போட்டால் குப்பென்று எரிந்து, அழுக்கு மேலே திரண்டு வரும். வழித்துவிட்டு ஊற்றினால் குண்டு பளபளவென்று விழும். வெட்டுக்கத்தியை ஒரு தட்டுத் தட்டினால் வால் தனியே, குண்டு தனியே.

இவ்வளவும் செய்து வார்த்த குண்டை அவர் எதையும் நோக்கிச் சுட்டு நான் பார்த்ததில்லை. பன்றிக்கு வெறும் மருந்துச் சத்தமே போதும் என்பார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேறு மாதிரிப் பேசவும் முடியாது. குண்டுகளில் சில ஆத்தூர் காமராஜர் அணையில் தூண்டிலுக்குப் போயின. சிலவற்றை நானும் மாமா மகனும் கோலிக்குப் பயன்படுத்தினோம். பிறகு எதற்கு வருஷா வருஷம் வார்த்தார்? எனக்குத் தெரிந்து, வார்ப்பதற்காகத்தான் வார்த்தார்.

விலை விசாரிக்க முதலில் போனது பழைய இரும்புக் கடைக்கு. அங்கே விலை என்பது ஒரே வாக்கியம்: பித்தளை கிலோ இவ்வளவு, இரும்பு கிலோ இவ்வளவு. கடைக்காரர் அளவுக் குவளையைக் கையில் எடுத்துப் பார்த்தார், பிறகு கருமரக் கைப்பிடியைத் திருக ஆரம்பித்தார். "மரத்துக்கு எடை கழிக்கணும்ல" என்றார். வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அந்தக் கைப்பிடிக்குத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இரண்டாவதாகப் போனது நாகல்நகரில் பூட்டுச் செய்யும் ஒரு அண்ணனிடம். இதுதான் உருப்படியான காரியம். திண்டுக்கல்காரனுக்கு உலோகத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் வேறு எங்கே போவான்? நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி என்று ஊரைச் சுற்றி வீட்டுக்கு வீடு ராவல் சத்தம் கேட்ட காலம் உண்டு. இப்போது அலிகார் பூட்டு வந்து விலையில் அடித்துவிட்டது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதைக் கொண்டாடப் பட்டறைகளில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். மிஞ்சிய சிலரில் இவர் ஒருவர். மாமா வீட்டு அலமாரிப் பூட்டு இவர் அப்பா கை.

அச்சை வாங்கியதும் என்ன என்றுகூட அவர் கேட்கவில்லை. மூடினார், வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "வெளிச்சம் ஒழுகல பாரு தம்பி. இவ்ளோ வருசத்துக்கு அப்புறமும் ஒழுகல." இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு கோடு வெளிச்சம்கூட வரவில்லை. வந்திருந்தால் குண்டின் இடுப்பில் ஈயம் பிதுங்கிப் பிசிறு விழும், அச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு விரலை விட்டுக் குழியின் விளிம்பைத் தடவினார், கூர் இருந்தது. கீலில் நகத்தால் நெம்பினார், ஆட்டம் இல்லை. வெட்டுக்கத்தியின் திருகு பிற்காலத்தில் மாற்றியது என்றார். அதன் தலையில் மட்டும் காடி வேறு அகலம். நான் பத்துத் தடவை பார்த்தும் கண்ணில் படாத சங்கதி.

'16' என்ற எண்ணின் கணக்கை அவருக்கு நான் சொன்னேன். துப்பாக்கிக் குழலுக்கு 'போர்' எண் வைத்த முறை பழைய ஆங்கில எடைக்கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தில் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை வார்க்கலாமோ அதுதான் போர். பன்னிரண்டு உருண்டை வந்தால் 12 போர், குறுக்களவு 18.5 மில்லிமீட்டர். பதினாறு வந்தால் 16 போர், 16.8 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 16க்கு ஒரு விசேஷம்: பவுண்டில் பதினாறில் ஒரு பங்கு என்பது சரியாக ஓர் அவுன்ஸ், அதாவது 28.35 கிராம். பெட்டியில் மாமா வார்த்த குண்டு ஒன்று இருந்தது. பக்கத்து நகைப் பட்டறைத் தராசில் வைத்தோம். 28 கிராமை ஒட்டி நின்றது. பூட்டுக்கார அண்ணன் சந்தோஷப்பட்டுப் போனார். கொத்தின எண்ணும் எடையும் ஒத்துப்போவது அவருக்குச் சாவி சுழன்ற மாதிரி.

ஆறு குழிப் பித்தளை அச்சை எடுத்ததும் அவர் முகம் மாறியது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பாதியும் நகராமல் நிற்பதற்கு உள்ளே இரண்டு முளை வைத்திருந்தது. அந்த முளையை அடித்துப் பரப்பியிருந்த விதத்தைக் காட்டினார். "இது சீமைச் சாமான் இல்ல. நம்மூரு கை. பூட்டுக் கூட்டுக்கு ரிவிட் அடிக்கிற மாதிரியே அடிச்சிருக்கான்." யார் செய்தது, எப்போது என்று சொல்ல அவரால் முடியவில்லை, யாராலும் முடியாது. ஆனால் அரத்தின் தடம் ஒரே சாய்வில் ஓடுவதைக் காட்டி, செய்தவன் அவசரப்படாதவன் என்று மட்டும் சொன்னார்.

இந்த ஊருக்கு ஆயுத வேலை புதிதும் இல்லை. 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டிய மலைக்கோட்டை, 1755இல் ஹைதர் அலி ஃபௌஜ்தாராக வந்தபோது வேறொரு பிழைப்புக்கு மாறியது. பிரெஞ்சுக் கைவினைஞர்களை வைத்து இங்கே ஆயுதப் பட்டறையும் பீரங்கிப் படையும் அமைத்தார் ஹைதர். மைசூரை ஆளப் போவதற்கு முந்திய பயிற்சி அவருக்குத் திண்டுக்கல்லில்தான் நடந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு ஊர் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனது. கும்பினியை எதிர்த்த விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரை 1801இல் தூக்கிலிட்டார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஒப்படைக்க வேண்டும் என்று கும்பினி அறிக்கை போட்டது. அப்புறம் 1878, அப்புறம் 1959. இந்தச் சமவெளி ஆயுதத்தைக் கொண்டு போய் ஒப்படைத்து ரசீது வாங்கிப் பழகிய சமவெளி. ஒப்படைத்த துப்பாக்கிகளின் கணக்கு அரசாங்கத்திடம் இருக்கும். வீட்டில் தங்கிப்போன அச்சுகளைக் கணக்கெடுத்தவர் யாரும் இல்லை.

மாமா மகனுக்கு, டல்லாஸில் இருக்கும் மச்சானுக்கு, வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவன் ஊரில் வாரக் கடைசியில் துப்பாக்கிச் சந்தை நடக்கும். தோட்டாவை வீட்டில் நிரப்புவது அங்கே தச்சு வேலை மாதிரி ஒரு பொழுதுபோக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புகிறவர்களை அவனே பார்த்திருக்கிறான். அதனால் பழைய கருவிக்கும் அங்கே ஒரு சந்தை உண்டு. 1884இல் கனெக்டிகட்டில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் கம்பெனியின் கருவிகள், 1925இல் அதை வாங்கிய லைமன் கம்பெனியின் அச்சுகள், வின்செஸ்டரின் மரக்கைப்பிடி அச்சுகள் எல்லாம் மேசை மேசையாகக் கிடக்குமாம். சாதாரண இடுக்கி அச்சு சில பத்து டாலருக்குப் போகும். துப்பாக்கி, அச்சு, குடுவை எல்லாம் ஒரே பெட்டியில் அவையவைக்குரிய பள்ளத்தில் உட்கார்ந்திருந்தால்தான் பெரிய பணம். தனித்தனியாகக் கிடந்தால், செய்தவன் முத்திரை, முழுமை, துரு, இந்த மூன்றையும் பார்த்துத்தான் விலை.

"மாப்ள, அந்தக் கப்ப கிட்டக்கக் காட்டு. என்னமோ எழுதியிருக்கு."

எழுதியிருந்தது. ஜேம்ஸ் டிக்ஸன் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்டு. மருந்துக்குடுவைக்கும் அளவுக் குவளைக்கும் உலகப் பேர் பெற்ற வீடு. குவளைக்குள் ஏறி இறங்கும் தண்டில் மருந்துக்கு டிராம் அளவு, ரவைக்கு அவுன்ஸ் அளவு. எழுத்தின் பள்ளங்களில் சிவப்பாக ஏதோ அடைத்திருந்தது. மச்சான் கூர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். குங்குமம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பெட்டியைத் திறந்து, அத்தை எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்துத் திரும்ப மூடுவது வழக்கம்.

"பளபளன்னு இருக்கேன்னு நெனச்சேன். போச்சு. இங்க இருக்கவன் இதப் பாத்தா நெஞ்சப் பிடிச்சுக்குவான்" என்றான். பித்தளையில் காலம் ஏற்றிய கறுப்புத்தான் சேகரிப்பவனுக்குச் சாட்சி. அதைத் துலக்கி எடுத்தால் விலை இறங்கும். இரும்பு அச்சில் கதை இன்னும் மோசம். சந்தனப் பொட்டின் ஈரம் வருஷா வருஷம் ஒரே இடத்தில் நின்று, மூன்று பொட்டுகளும் மூன்று துருக்குழியாகவே பதிந்துவிட்டன. அவன் அதைக் குறை என்றான். எனக்கு அப்படிப் படவில்லை. பத்து வீட்டு அச்சைக் கலந்து கொட்டினாலும் எங்கள் வீட்டு அச்சை நான் அந்தப் பொட்டை வைத்துப் பிடித்துவிடுவேன். சந்தைக்கு வேண்டிய சரித்திரம் ஒன்று, வீட்டுக்கு நடந்த சரித்திரம் இன்னொன்று. விலைப்பட்டியலில் முதலாவதுக்குத்தான் இடம்.

கொரியர் பண்ணு, நான் இங்கே விற்றுத் தருகிறேன் என்றான் மச்சான். அனுப்பும் முன் திண்டுக்கல் கோர்ட்டில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து, இரண்டாவது பிரிவைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அம்யூனிஷன்னா என்னன்னு படிங்க சார்."

படித்தேன். ராக்கெட், வெடிகுண்டு என்று போய்க்கொண்டே இருந்த வரி, கடைசிக்கு அருகில் 'அம்யூனிஷனின் பாகங்களும், அதைத் தயாரிக்கும் எந்திரங்களும்' என்றும் சொன்னது. அதாவது ஈயக்குண்டு வார்க்கும் இடுக்கியும் சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். வெளிநாட்டுக்கு அனுப்பும் பேச்சு அங்கேயே முடிந்தது. அது போதாதென்று இன்னொரு முடிச்சும் இருந்தது. நூறு வயது தாண்டிய கைவினைப் பொருள் என்று வந்துவிட்டால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. நம் பெட்டியில் எது நூறு தாண்டியது, எது தாண்டவில்லை என்று சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை.

விலக்கே இல்லையா என்றேன். இருக்கிறது என்றார். பழுது பார்த்தாலும் சுட முடியாத, வழக்கொழிந்த பழம்பொருள் ஆயுதத்துக்கு 45ஆவது பிரிவில் விலக்கு உண்டு. துணைப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாத சில்லறைப் பாகங்களுக்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது. "ஆனா உங்க அச்சு நல்லா வேல செய்யுதுன்னு நீங்களே வெயில்ல பிடிச்சுப் பாத்துட்டு வந்து சொல்றீங்களே!"

இங்கேதான் இந்த வியாபாரத்தின் முழு வக்கிரமும் எனக்கு விளங்கியது. வெளிச்சம் ஒழுகாத மூட்டு, கூர் போகாத விளிம்பு, ஆட்டமில்லாத கீல், இவைதான் சேகரிப்பவனுக்கு விலை. அதே மூன்றும்தான் சட்டத்துக்கு முன்னால் சங்கடம். உடைத்துவிட்டால் பயமில்லை, விலையும் இல்லை. உடையாமல் இருக்கும்வரை விலை உண்டு, விற்க ஆள் இல்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதே இடுக்கிக்கு இந்த இக்கட்டு கிடையாது. பழைய கத்தரிக்கோல், பழைய இஸ்திரிப் பெட்டி வரிசையில் அதுவும் ஒரு சாமான்.

கேப் டப்பாவைப் பற்றி வக்கீலுக்குச் சந்தேகமே இல்லை. அது இன்றைக்கே போக வேண்டும். அத்தை கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு ஸ்டேஷனுக்குக் கொண்டு போனேன். ரைட்டர் டப்பாவைத் தொடாமல், மேசையில் தள்ளி வைக்கச் சொல்லி, எழுதிக்கொண்டார். மற்றவற்றுக்கு வக்கீல் சொன்ன வழி லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரி. வாங்கவும் விற்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது, எழுதி வைக்க ரிஜிஸ்தர் இருக்கிறது.

அப்படி ஒரு கடையை மதுரையில் தேடிப் பிடித்தேன். பழைய கடை, பழைய மனிதர். கண்ணாடி அலமாரியில் துப்பாக்கியைவிடத் துப்பாக்கி உறைகள்தான் அதிகம். வியாபாரம் எப்படி என்று கேட்டதற்கு, "தேர்தல் வந்தா டெபாசிட், செத்தா டெபாசிட். விக்கிறது எங்க சார்?" என்றார். என் பெட்டியைத் திறந்ததும் அந்தச் சலிப்பு போய்விட்டது. டிக்ஸன் குவளையைத்தான் முதலில் எடுத்தார். அப்புறம் மடிப்பு எந்திரத்தைத் தன் மேசை விளிம்பில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றி, அது ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்பா காலத்தில் கடையின் பின்கட்டில் இதே மாதிரி ஒன்றில் தோட்டா மடித்ததை நினைவிலிருந்து சொன்னார். சீமைத் தோட்டா அருகிப்போய், கடக்கியில் செய்த அரசாங்கத் தோட்டா கடைக்கு வர ஆரம்பித்த பிறகு அந்த வேலை நின்றுபோனதாம்.

விலை பேசும்போது மனிதர் வியாபாரியாகிவிட்டார். குவளை துலக்கியது, கழிவு. அச்சில் மூன்று துருப்பொட்டு, கழிவு. வெட்டுக்கத்தியின் திருகு மாற்றியது என்று நானே சொன்னேன். நேர்மைக்கு நன்றி சொல்லிவிட்டு அதற்கும் கழித்தார். தோல் பையின் வாயில் இருந்த பித்தளை மூடி நன்றாக வேலை செய்ததால் அதற்கு மட்டும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார். காலித் தோட்டாக்களில் ஈலி என்று பெயர் கொத்தியவற்றைத் தனியே பொறுக்கினார். மொத்தத்தில் அவர் சொன்ன தொகை இரும்புக் கடைக் கணக்குக்குப் பல மடங்கு மேலே, மச்சான் டல்லாஸிலிருந்து போட்ட கணக்குக்கு ரொம்பக் கீழே. நியாயமான இடம்தான் என்று எனக்குப் பட்டது. வாங்கப்போகிறவனும் லைசென்ஸ் உள்ளவனாக இருக்க வேண்டும், அப்படிப்பட்டவனுக்கு இதில் ஆசையும் இருக்க வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்த ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்வரை சாமானை வைத்திருக்கப்போவது அவர். காத்திருப்புக்குக் கூலி உண்டு. அத்தையின் கடிதம், மாமாவின் பழைய லைசென்ஸ் நகல், என் அடையாள அட்டை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ரிஜிஸ்தரில் எழுதினார்.

ஆறு குழி அச்சை மட்டும் ஓரமாக ஒதுக்கினார். "இதுல பேரு இல்ல சார். பேரு இல்லாததுக்கு வெல இல்ல."

அவரோடு நான் ஒத்துப்போகாத இடம் இது ஒன்றுதான். ஷெஃபீல்டுக்காரன் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளிய குவளை உலகமெங்கும் கிடக்கிறது. எப்போது எங்கே தேடினாலும் இன்னொன்று அகப்படும். மலைக்காரன் கேட்டதற்காகத் திண்டுக்கல்காரன் ஒருவன் அரத்தால் ராவி, பூட்டுக்கு அடிப்பதுபோல் முளையடித்துக் கொடுத்த இந்த அச்சு எத்தனை மிஞ்சியிருக்கும்? சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சை அரண்மனைக் கொட்டடியிலிருந்து வந்த வாளும் அங்குசமும் அழகாகவே இருக்கின்றன. அரண்மனைச் சாமான் தப்பிக்கும். குடியானவன் வீட்டுக் கருவி கிலோ கணக்கில்தான் போகும். இதைச் சொன்னபோது வியாபாரி மறுக்கவில்லை. "வாஸ்தவம்தான். ஆனா வாங்குறவன் பேரத்தான் பாப்பான்" என்றார்.

ஆகவே அது திரும்ப நாகல்நகருக்கு வந்தது. வக்கீல் சொன்னதை அண்ணனிடம் சொன்னேன்: இனி வார்க்கவே முடியாது என்று ஆக்கிவிட்டால் வைத்திருக்கலாம். துளை போட்டுக் குழியைக் கெடுப்பதுதான் சுலபம். அவருக்கு அதற்குக் கை வரவில்லை. ஒருவன் பொறுமையாகச் செய்ததைத் தன் கையால் கெடுப்பதா என்றார். இரண்டு பாதியையும் மூடி, குறுக்கே இரண்டு இடத்தில் துளையிட்டு, இரும்பு ரிவிட் அடித்துத் தலையைப் பரப்பிவிட்டார். அறுத்தாலொழியத் திறக்காது. உள்ளே ஆறு குழியும் அப்படியே இருக்கின்றன. கூலி வாங்க மறுத்துவிட்டார்; பதிலுக்கு அவர் செய்த மாங்காய்ப் பூட்டு ஒன்றை விலை கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

பணத்தை அத்தையிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "பொட்டு வச்சதுக்குக் கொறச்சுட்டானா?" என்று கேட்டார். மச்சான் சொல்லியிருக்கிறான். ஆமாம் என்றேன். "அவனுக்கு வீட்ல ஆயுத பூச கெடையாதாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சங்கதி சொந்தக்காரர்கள் மத்தியில் பரவிவிட்டது. நத்தத்திலிருந்து, கன்னிவாடியிலிருந்து, தாண்டிக்குடியிலிருந்து போன் வருகிறது. தாத்தா பெட்டி ஒன்று பரணில் இருக்கிறது, அச்சு மாதிரி என்னமோ கிடக்கிறது, நல்ல விலைக்குப் போகுமாமே என்கிறார்கள். படம் அனுப்பட்டுமா என்று கேட்கிறவர்களிடம் படம் வேண்டாம் என்கிறேன். புளி போட்டுத் துலக்காதீர்கள், டப்பா எதுவும் கலகலத்தால் ஆட்டாதீர்கள் என்கிறேன். அதற்கும் முன்னால், லைசென்ஸ் யார் பேரில் இருந்தது, அந்தக் காகிதம் இருக்கிறதா என்று கேட்கிறேன். பெரும்பாலும் அந்த இடத்தில் மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சு வராது. அப்புறம், வீட்டில் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறார்கள். திரும்பக் கூப்பிட்டவர் கன்னிவாடிக்காரர் ஒருவர்தான். அவரிடம் காகிதம் இருந்தது, பெட்டியில் இருந்தது பாக்குவெட்டி.